இரவல் புரதமும் அவசரக் கிடாவும்

கல்வராயன் மலை மேல் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. புத்தகத்தில் கட்டம் போட்டிருப்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "இது ரெண்டு மார்க், இது அஞ்சு மார்க்" என்று சொல்வேன். நோய்த்தடைகாப்பு பாடம் வந்தால் ஆங்கில ஒய் எழுத்தைப் பெரிதாக வரைந்து, "இதுதான் ஆன்டிபாடி" என்று அறிவித்துவிட்டு, பிள்ளைகள் வரைந்து முடிக்கும் வரை ஜன்னல் வழியாக மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த ஒய் எழுத்து ஒரு நாள் என் மகளின் தொடையில் ஏறி என்னை ஆட்டிவைக்கப்போகிறது என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் அழகாகவாவது வரைந்திருப்பேன்.

மனைவி மாசமாக இருந்தபோது, கச்சிராயப்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பரிசோதனைக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். சின்ன ஆஸ்பத்திரி. பிரசவம், குழந்தை இரண்டையும் ஒரே டாக்டரம்மாதான் பார்ப்பார். ஒரு நாள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உங்க ரத்தத்துல ஹெபடைட்டிஸ் பி இருக்குங்கம்மா" என்றார் மனைவியிடம். "கல்லீரலைப் பிடிக்கிற வைரஸ். உங்களுக்கு இப்போ தொந்தரவு ஒண்ணும் இல்ல. ஆனா பிரசவத்தப்போ குழந்தைக்குப் போயிடக்கூடாது."

நான் உடனே வகுப்பெடுக்கிற குரலை வரவழைத்துக்கொண்டு, "தண்ணியில பரவறதுதானே டாக்டர்?" என்றேன்.

"அது ஏ. இது பி, ரத்தத்துல பரவறது" என்றவர், "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"பயாலஜி டீச்சருங்க" என்றாள் மனைவி. நான் சுவரில் மாட்டியிருந்த கர்ப்பப்பைப் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

பிரசவத்துக்காக எங்களோடு வந்து தங்கியிருந்த மாமியார் சேதி கேட்டதும் மகளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போனார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு வெள்ள வெளேர்னு கீது. நகமும் நல்லா கீது. இதுல எங்கடி காமாலை?"

"வைரஸ் மட்டுந்தான் கீதாம். காமாலை இல்லியாம்."

"காமாலை இல்லாத காமாலை வைரஸா? மாடு இல்லாம சாணி விழுமா?"

கேள்வி நியாயமானது.  அத்தை மறுநாளே கீழாநெல்லியைப் பிடுங்கி வந்து அரைத்து மோரில் கலக்கினார். உப்பில்லாக் கஞ்சி வேறு. அடுத்த முறை டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "வயித்துப் புள்ளக்காரிக்கு நல்லா சோறு போடுங்கம்மா, இந்த வைரஸ் பத்தியத்துக்கெல்லாம் அசராது" என்று அதட்டிய பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் உப்பு திரும்பி வந்தது. வைரஸின் அளவு ஜாஸ்தியாக இருந்ததால் மனைவிக்குத் தினம் ஒரு மாத்திரையும், கூடப் பிறந்தவருக்கும் தாயாருக்கும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார்.

மச்சான் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோகிற மினி லாரி ஓட்டுபவர். கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஓட்டுவார். ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் இல்லை. அத்தைக்கு இருந்தது. அப்படியானால் மனைவிக்குப் பிறக்கும்போதே வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா.  வீட்டுக்கு வந்ததும் மனைவி தன் அம்மாவிடம் ஆரம்பித்தாள்.

"நீ வேணும்னா குடுத்த?"

"இல்லடி."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு இன்னாடி தெரியும்."

"அப்புறம் இன்னா. போய் சோத்தப் போடு."

அன்று துணி காயப்போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எங்கம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே என் புள்ளைக்குக் குடுத்துட்டேன்னா?"

வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சமாளிப்பதுதான் என் வழக்கம். அன்று ஈரத்துண்டை வாங்கி உதறிக் கொடியில் போட்டேன். அதைத் தலைகீழாகப் போட்டிருப்பதாக அவள் திருத்தினாள்.

மறுநாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் படித்தேன், ஆசிரியர் அறையில் படித்தேன், ரேஷன் கடை வரிசையில் போனை வைத்துக்கொண்டு படித்தேன். புரியாததை டாக்டரம்மாவிடம் போய் நச்சரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சம்பளம் வாங்கிக்கொண்டு இத்தனை வருஷம் நடத்திய பாடம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்க விளங்கப் பயத்தோடு ஒரு குதூகலமும் வந்துவிட்டது. இப்படியெல்லாமா நடக்கிறது நம் உடம்புக்குள்ளே என்று.

இந்த வைரஸ் தன் உறைக்கு ஒரு புரதம் வைத்திருக்கிறது. அதன் உடம்பைச் சுற்றிப் போட்ட சட்டை. கல்லீரல் செல்லில் பித்த உப்பை உள்ளே எடுத்துக்கொள்வதற்கென்று ஒரு வாசல் உண்டு. வைரஸ் அந்தச் சட்டையின் ஒரு நுனியை அந்த வாசலில் மாட்டித்தான் உள்ளே நுழைகிறது. சட்டைப் புரதத்தில் ஒரு வளையம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நம்முடைய ஆன்டிபாடி தன் இரண்டு கைகளாலும் அந்த வளையத்தைக் கவ்வி மேலே உட்கார்ந்துகொண்டால், வைரஸால் வாசலில் மாட்ட முடியாது. கல்யாண வீட்டில் சண்டைக்கு வந்த பெரியப்பா வாயில் முழு லட்டைத் திணித்த மாதிரி. ஆள் இருப்பார், ஒன்றும் நடக்காது.

வைரஸ் லேசுப்பட்டதா? உள்ளே ஆளே இல்லாத வெறும் சட்டைகளைப் பல மடங்கு தைத்து ரத்தத்தில் அனுப்பிவிடுகிறது. தலைவர் வருகிறார் என்று சங்கராபுரம் ரோட்டில் ஒரே மாதிரி வெள்ளைக் கார்கள் வரிசையாக வரும். எதில் அவர் இருக்கிறார் என்று தெரியாமல் ஜனங்கள் முதல் நாலைந்து வண்டிக்கே மாலையைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஆன்டிபாடிகளின் கதியும் அதுதான். காலி வண்டிக்கு மாலை போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

இன்னொரு புரதம் இருக்கிறது, ஈ-ஆன்டிஜென் என்று. அதை வைரஸ் ரத்தத்தில் தனியாக உதறிவிடும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குள் போகக்கூடியது. யார் நம்ம ஆள், யார் வெளியாள் என்று குழந்தையின் நோய்த்தடுப்புச் செல்கள் கற்றுக்கொள்கிற நேரம் அது. பார்த்துப் பழகிய முகமாகிவிட்டால், நம்ம வூட்டு ஆள்தான் என்று விட்டுவிடும் என்கிறார்கள். பிறகு வைரஸே வந்து உட்கார்ந்தாலும் "வாங்க மாமா, சாப்ட்டீங்களா" என்று உபசரிப்புதான். அதனால்தான் பிறக்கும்போது வாங்கிக்கொள்கிற பிள்ளைகளிடம் இது ஆயுசுக்கும் தங்கிவிடுகிறது.

இதையெல்லாம் வகுப்பில் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். பாடம் முடிந்ததும் முதல் பெஞ்சு மாணவி எழுந்து, "சார், இதுல வெள்ளக் கார் எத்தினி மார்க்கு?" என்று கேட்டாள். என் வளர்ப்பு அப்படி.

அத்தை தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்தார். அவர்கள் குலதெய்வம் மலை மேல் ஓடையோரம் இருக்கிறது. பிள்ளைக்கு வைரஸ் இல்லை என்று தெரிந்ததும் அங்கே முடி இறக்கிக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டார். இதில் ஒரு விதி உண்டு. கேட்டது கிடைத்த பிறகுதான் கிடாவை வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால், "எனக்குக் கிடைத்துவிட்டது" என்று சாமி முன்னால் சொன்னதாகக் கணக்கு.

மகள் பிறந்தாள். அவளைத் துடைத்துச் சுற்றிய கையோடு இரண்டு ஊசி. நானும் போய் நின்றுகொண்டேன். ஒரு தொடையில் இம்யூனோகுளோபுலின். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, இந்த வைரஸுக்கென்றே தயாராக இருக்கிற ஆன்டிபாடிகள். சேலத்திலிருந்து வரவழைத்து ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் முன்கூட்டியே வைத்திருந்தோம். இன்னொரு தொடையில் தடுப்பூசி. அதில் இருப்பது ஈஸ்ட் செல்களை வைத்துச் செய்த வெறும் சட்டைப் புரதம்தான். ஆக, ஒரு தொடையில் போலீஸ், இன்னொரு தொடையில் மோப்ப நாய்க்குக் காட்டுகிற திருடன் சட்டை. எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது.

"டாக்டர், அந்த ஆன்டிபாடிப் போலீஸ் இந்தத் தடுப்பூசிச் சட்டையையே போய்ப் புடிச்சிக்கினா?"

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்குத்தான் சார் வேற வேற தொடை. நல்ல கேள்வி."

நல்ல கேள்வி என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை, மாணவனாக இருந்தபோதுகூட. வராந்தாவில் இருந்த அத்தை, மச்சான், பக்கத்துப் படுக்கைக்காரரின் அண்ணன் எல்லோரிடமும் அந்தக் கேள்வியைத் திரும்பச் சொன்னேன். பெண் குழந்தையா ஆண் குழந்தையா என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அந்த மிதப்பு நிலைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பிள்ளையின் முகம் மஞ்சளாக இருந்தது. மூக்கை அழுத்திப் பார்த்தேன், மஞ்சள். கண்ணும் மஞ்சள். மனைவி என்னையே பார்த்தாள். நான் படித்ததெல்லாம் கால் வழியாக இறங்கி ஓடிவிட்டது. செவிலியரைத் தேடி மாடிப்படியில் பாய்ந்தேன்.

"சிஸ்டர், வந்திடுச்சி. ஊசி வேல செய்யல. புள்ள மஞ்சளா கீது."

அவர் வந்து பார்த்தார். "பொறந்த புள்ளைங்க பாதிப் பேருக்கு மேல வர்றதுதான் சார் இது. பழைய ரத்த செல்லு ஒடையறதால வர்ற மஞ்சள். அந்த வைரஸ் வந்திருந்தாலும் மூணு நாள்ல இப்படிக் காட்டாது. லைட்டுல வெச்சா ஜாஸ்தி ஆவாது. சார் எங்க வேல பாக்குறீங்க?"

"சிமெண்ட் கடையில" என்றேன்.

"ஐய, எங்க மாப்ள பயாலஜி வாத்தியாருங்க" என்றார் பின்னாலேயே வந்து நின்ற அத்தை, பெருமையாக.

நீல விளக்கின் கீழ் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு என் மகள் கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மஞ்சள் போய்விட்டது. தாய்ப்பால் கொடுக்கலாமா என்று மனைவி பயந்தபோது, தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மற்ற தவணைத் தடுப்பூசிகளையும் நாள் தவறாமல் போட்டோம். குழந்தைக்கு ஒன்பது மாசம் முடிந்ததும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அதுவரை மனைவி பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் தன் கையில் கீறல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பொறுமையில் நான் கம்மிதான். ஐந்தாம் மாசமே ஒரு லேபில் நிறுத்தி ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டேன். "டாக்டரம்மா ஒம்போது மாசம்னாங்களே" என்றாள் மனைவி. "அது படிக்காதவங்களுக்குச் சொல்றது" என்றேன். இந்த வாக்கியத்தை இன்று வரை என் வீட்டில் யாரும் மறக்கவில்லை. உப்பு கம்மியானாலும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ரிப்போர்ட்டில் வைரஸின் சட்டைப் புரதம் இல்லை. ஆன்டிபாடி ஏராளம். பஸ் நிறுத்தத்திலேயே மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், ஜெயிச்சிட்டோம். கிடாவப் புடி."

மச்சான் லாரியில் கிழங்குக்குப் பதில் சொந்தக்காரர்களை ஏற்றினார். ஓடையோரம் முடி இறக்கினோம், கிடா வெட்டினோம். பந்தியில் நான் இலைக்கு இலை போய் ஆன்டிபாடியை விளக்கினேன். "மாமா, எலும்ப வெச்சிட்டு அப்புறம் வெளக்குங்க" என்றார் மச்சான். ஆறுவதற்குள் டாக்டரம்மாவுக்கும் கறிக்குழம்பு போகட்டும் என்று ஒரு தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, மனைவியையும் பிள்ளையையும் பைக்கில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன்.

டாக்டரம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து முகர்ந்தார். "என்ன விசேஷம்?" ரிப்போர்ட்டை நீட்டினேன். படித்தார். மூடியைத் திரும்பவும் மெதுவாக மூடினார்.

"அஞ்சு மாசத்துலயே எடுத்துட்டீங்களா? சார், இதுல இருக்கிற ஆன்டிபாடி யாரோடது?"

"எம் பொண்ணோடது."

"அப்படிச் சொல்ல முடியாது. பிறந்தன்னைக்கி நாம போட்டதே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அது இரவல். கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும். இவளா தயார் பண்ணினது எவ்வளவுன்னு இப்போ பிரிச்சுச் சொல்ல முடியாது. வைரஸ் இல்லன்னு வந்திருக்கிறது நல்ல சேதிதான். ஆனா இரவல் இருக்கிற வரைக்கும் உள்ள எங்கயாவது கொஞ்சம் இருந்தாலும் பதுங்கிக்கினு இருக்கும். அதுக்குத்தான் ஒம்போது மாசம்னு சொன்னேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "குழம்பு வாசனை பிரமாதம்" என்றார்.

திரும்பும்போது மனைவி பிள்ளையைத் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். கச்சிராயப்பாளையம் நெருங்கியதும் என் முதுகைத் தட்டினாள். அப்புறம், "சாமிகிட்ட கெடச்சிடுச்சின்னு சொல்ட்டமே" என்றாள். அவ்வளவுதான். 

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்லிவிட்டோமே, சாமி கோபித்துக்கொள்ளுமா என்று அத்தை இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா நீ" என்றார் மச்சான். "லாரிக்கு அட்வான்ஸ் வாங்கிட்டா நான் லோடு எறக்காம இருக்க முடியுமா? சாமி கறியத் துன்னுட்டுதில்ல. இனிமே வேலைய முடிச்சிக் குடுத்துத்தான் ஆவணும்."

"டேய், சாமிய லாரிக்காரன்னு சொல்லாத."

"லாரிக்காரன் இன்னா மட்டமா?"

மனைவி சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு என் பக்கம் திரும்பி, "அடுத்த வாட்டி நான் மட்டுந்தான் போவேன். நீங்க மலை மேல போய் கிளாஸ் எடுங்க" என்றாள். தீர்ப்பு.

அந்த நாலு மாசமும் எனக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் அவளுடைய எலும்பு மஜ்ஜையைக் கெஞ்சுவேன். சட்டை காட்டியிருக்கிறோம் தாயே, தவணை தவணையாகக் காட்டியிருக்கிறோம், மோந்து பார்த்துக்கொள், சொந்தமாக நாலு ஆன்டிபாடி செய், இரவல் கரைந்துகொண்டிருக்கிறது. அவள் என் மூக்கைப் பிடித்துக் கடிக்க வருவாள். தவழ்ந்தாள், உட்கார்ந்தாள், அத்தையின் வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்தாள். உள்ளே என்ன செய்கிறாள் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஒன்பது முடிந்து ரத்தம் கொடுத்தாகிவிட்டது. முடிவு வரும் நாள் நான் மலை மேல். எங்கள் பள்ளியில் தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். மூன்றாவது பீரியடில் தாவரத் திசுக்களை நடத்திக்கொண்டிருந்தவன் "வரேன்" என்று தொட்டிக்கு ஓடினேன். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு வழிவிட்டார். நான் போன் போடுவதற்குள் அதுவே அடித்தது.

என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியலே வைத்திருந்தேன். சட்டைப் புரதம் இருக்கிறதா, ஆன்டிபாடி பாதுகாப்புக்கு வேண்டிய பத்து என்ற அளவுக்கு மேலே இருக்கிறதா, என்ன முறையில் பார்த்தார்கள்.

"நான் குடுக்கலங்க" என்றாள் மனைவி.

தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"கேக்குதா? நான் அவளுக்கு ஒண்ணும் குடுக்கல. வைரஸ் இல்ல. ஊசில போட்டதெல்லாம் கரைஞ்சி போயிருக்கும், இப்போ இருக்கிறது அவளோடதுதான்னு டாக்டரம்மா சொல்றாங்க. அவளே செஞ்சதாம். எக்கச்சக்கமா செஞ்சி வெச்சிருக்காளாம்." மூச்சு வாங்கினாள். "லைன்ல கீறீங்களா?"

"கீறேன்" என்றேன்.  பின்னால் அத்தை பெரிய குரலில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் என் மகள் போனைப் பிடுங்கி வாயில் வைத்திருக்க வேண்டும். ஈரமான ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வளைவுகளில் யார் ஓட்டினார்கள் என்று தெரியவில்லை. எதிரில் வந்த பஸ்ஸுக்கெல்லாம் கையை ஆட்டினேன். ஓட்டுநர்கள் முன்னால் ஏதோ மறியல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார்கள். அடிவாரத்தில் வனத்துறை செக்போஸ்ட். அங்கே நிற்கிற காவலர் என்னைத் தினம் பார்ப்பவர், தடையைத் தூக்கிவிட்டு, "இன்னா சார், ஸ்கூலு அதுக்குள்ள வுட்டாச்சா?" என்றார்.

நிறுத்தினேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வைரஸ், சட்டை, கல்லீரலின் வாசல், காலி வண்டிக்கு மாலை, இரவல், சொந்தம் என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பின்னால் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் வேனைக் கையாலேயே அடக்கிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சார், எங்க வூட்ல மாசமா கீறாங்க. அந்த டெஸ்ட்ட எல்லாருக்கும் எடுப்பாங்களா, நாம கேக்கணுமா?"

"எடுத்திருப்பாங்க. இருந்தாலும் கேளுங்க. கேட்டு ரிப்போர்ட்டப் பாருங்க."

"இருந்திச்சின்னா?"

வேன்காரர் மறுபடி ஹாரனை அழுத்தினார். நான் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

"இருந்திச்சின்னா ரெண்டு ஊசி கீதுங்க" என்றேன். "ரெண்டு தொடையில. சொல்றேன் கேளுங்க."